பத்திய ரத்தம்

என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் பெயரில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "வணக்கம் சௌந்தரபாண்டி அவர்களே! உங்கள் இதயம் மிகவும் நலமாக உள்ளது. இதே ஒழுக்கத்தைத் தொடருங்கள்." பக்கத்திலேயே பச்சைக் கலரில் ஒரு இதயப் பொம்மை கண்ணடித்துச் சிரித்தது.

இதைப் படித்தவள் அழுதிருக்க வேண்டும். இல்லையென்றால் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. எழுந்து போய் முகம் கழுவினேன். பொட்டு வைத்தேன். தெருமுனையில் இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவருடைய அக்கா ராசக்கனி மதினி அப்போது என் வீட்டில்தான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டார்கள்.

"அடியே முத்துச்செல்வி, என்ன கூத்துடி இது? புருஷனைப் பறிகுடுத்தவ செய்யுற வேலையா? அன்னிக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இப்போ பூ வேற கேக்குதோ?"

"உங்க தம்பி நல்லாத்தான் இருக்காகளாம் மதினி. இந்தா பாருங்க, மிஷினே சொல்லுது. உசுரோட இருக்குற புருஷனுக்கு எதுக்கு நான் அழணும்? எதுக்குப் பூவை எடுக்கணும்?"

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"பிடிக்கல. அவுக எதனால செத்தாகன்னு அந்த மிஷின் தன் வாயால சொல்லட்டும். அன்னிக்கு உங்களைக் கூப்பிட்டு வச்சு, தெருவே கேக்குற மாதிரி அழுறேன். அதுவரைக்கும் இந்தத் தலையில இருந்து பூ இறங்காது."

மதினி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கோபமாகப் போய்விட்டார்கள். போகட்டும். கோபம் அவர்களுக்கு மட்டும்தான் சொந்தமா என்ன?

மிஷின் என்று சொன்னேனே, அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் விருதுநகரில் நெஞ்சகம் என்றோர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சர்க்கரை என்று பார்த்து, கம்ப்யூட்டருக்குள் நம்மைப் போலவே ஓர் உடம்பைக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் இரட்டை. நமக்குப் பத்து வருடம் கழித்து வரப்போகும் அடைப்பு அந்த இரட்டைக்கு இன்றைக்கே வந்து காட்டுமாம். ஊரே மூக்கில் விரலை வைத்தது. அப்புறம் சட்டமும் வந்தது. நெஞ்சு வலி என்று யார் கூப்பிட்டாலும் இரட்டையைக் கேட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸ் கிளம்பும். இரட்டை சரி என்று சொன்னால்தான் ஆஸ்பத்திரியில் இதய வார்டின் கதவு திறக்கும். வண்டியும் கட்டிலும் குறைவு, வலிக்கிறது என்று வருகிற சனம் அதிகம், அதனால் இந்த ஏற்பாடு என்றார்கள்.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊர் சனத்தைப் பற்றி அந்த மிஷினுக்கு என்ன தெரியும்? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கூட்டி, ஒட்டடை அடித்து, பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுகிற ஆட்கள் நாங்கள். ரத்தத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் சும்மா விடுவோமா? டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே வீட்டுக்கு வீடு பத்தியம் ஆரம்பித்துவிடும். காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் சுரைக்காய்க் கூட்டு, ராத்திரி ஒரே ஒரு கேழ்வரகு அடை. மாதக்கணக்கில் தொடாத கொழுப்பு மாத்திரையை டெஸ்ட் வாரத்தில் மட்டும் வேளை தவறாமல் போடுவார்கள். ரிப்போர்ட் சரியில்லை என்றால் டாக்டர் நாலு பேர் முன்னால் திட்டுவாரே, அந்தப் பயம்தான். ரத்தம் கொடுத்து முடித்ததும், கையில் ஒட்டிய பஞ்சை எறிந்துவிட்டு, எதிரே இருக்கும் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் போய் வரிசையில் நிற்பார்கள். டெஸ்ட் நாளில் அந்தக் கடைக்காரர் மைதாவைக் கூடுதலாகப் பிசைந்து வைப்பார். ஊரறிந்த விஷயம் இது.

என் வீட்டுக்காரர் வத்தல் மண்டியில் தரகர். மிளகாயைக் கையில் அள்ளி முகர்ந்தே எந்த ஊர்க் காடு என்று சொல்லிவிடுவார். சாப்பாட்டில் மட்டும் அவரைக் கட்ட முடியாது. அவரும் பத்தியம் இருந்துதான் ரத்தம் கொடுத்தார். அவருக்காகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த இரட்டை, வருடம் முழுக்கச் சுரைக்காய் தின்கிற ஒரு புண்ணியவான். அந்தப் புண்ணியவானை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "செல்வி, என்னமோ பண்ணுதுடி" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சகத்துக்குப் போன் போட்டேன். மிஷின் பேசியது. "உங்கள் இரட்டையின் ரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை. இது வாயுவாக இருக்கலாம். இஞ்சிக் கஷாயம் அருந்தவும்."

அவர் போனைப் பிடுங்கினார். அவர் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அம்மா தாயி, அது பத்தியத்துல குடுத்த ரத்தம்மா. நேத்து ராத்திரிகூட எண்ணெய்ப் பரோட்டா தின்னேன். மாத்திரையும் டெஸ்ட் வாரத்துல மட்டும்தான் போடுவேன். பொய்யி இல்ல. என் பேச்சை நம்பு தாயி."

மிஷின் சொன்னது: "தங்கள் கருத்துக்கு நன்றி."

ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். வழியிலேயே என் தோளில் சாய்ந்தவர் அப்புறம் நிமிரவில்லை. மிஷினிடம் கெஞ்சியதுதான் அவர் கடைசியாகப் பேசிய பேச்சு. என்னிடம் பேசக்கூட அவருக்கு நேரம் விடவில்லை பாவிகள். ஆஸ்பத்திரியில் இரட்டையைக் கேட்டுவிட்டு, மாரடைப்பு இல்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பச்சை இதயச் செய்தி வந்த மறுநாள் நெஞ்சகத்துக்குப் போனேன், தலையில் பூவோடு. தலைமை ஆய்வாளர் டாக்டர் தயாளன் மாடியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, அறுபதை நெருங்கியும் தொப்பை விழாத உடம்பு. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இரட்டை பொய் சொல்லாது. மனுஷன்தான் பொய் சொல்லுவான்."

"அவுக உண்மையைத்தானே சார் சொன்னாக? பத்தியம் இருந்து குடுத்த ரத்தம்னு போன்லயே சொன்னாகளே!"

"நோயாளி பேச்சை மிஷின் பதிவு பண்ணிக்கும். ஆனா அதுக்கு மதிப்பு பூஜ்யம். அப்படித்தான் நான் அமைச்சிருக்கேன். ஒருத்தன் ஒரு வாய் சாப்பிட்டேன்பான், ஒருத்தி சாப்பிடவே இல்லைம்பா. அதையெல்லாம் கணக்குல எடுத்தா ஆராய்ச்சி எப்படி நடக்கும்?"

"சரி சார். எங்க ஊர் ஆஸ்பத்திரியில மூணு மாசச் சர்க்கரை டெஸ்ட்டுன்னு ஒண்ணு எடுப்பாக. மூணு நாள் பத்தியம் இருந்தா அதை ஏமாத்த முடியாதாமே. முதல் வருஷம் இங்கயும் எடுத்தீங்க. அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது மத்த டெஸ்ட்டோட ஒத்துப் போகலை. ரெண்டும் முரண்பட்டா இரட்டை குழம்பும். அதனால எடுத்துட்டோம்."

ஒரு டெஸ்ட் நல்ல பிள்ளை என்கிறது, இன்னொன்று திருடன் என்கிறது. இந்த மனிதர் திருடன் என்று சொன்னதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார். அவர் நாற்காலிக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அன்றைக்கும் டெஸ்ட் நாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேர் எதிரே பரோட்டாக் கடை. பஞ்சு ஒட்டிய கையோடு வரிசையில் நிற்கும் சனம் அத்தனையும் அங்கிருந்து தெரிந்தது. இத்தனை வருடம் இந்த ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். நம்பர் அழகாக வருகிறது, வெளிநாட்டில் கைதட்டுகிறார்கள், அப்புறம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்தக் கட்டிடமே பற்றியிருக்க வேண்டும்.

"அப்போ யார் சொன்னாத்தான் சார் உங்க மிஷின் கேக்கும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. "ஆராய்ச்சியோட அடிப்படையை மாத்தணும்னா என் குரல் வேணும்மா. இந்தக் குரலை அதுக்குத் தெரியும். வேற யார் கத்தினாலும் அசையாது."

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். நிஜமாகவே நன்றிதான். எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்று அவரே சொல்லிவிட்டாரே! அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் அரசனும் இல்லை, தெய்வமும் இல்லை. ஆனால் நிற்கத் தெரியும்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல் என்னுடையது. "சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி செல்லும் பேருந்து" என்று நான் சொன்னால், ஏறவேண்டாதவனும் ஏறிவிடுவான் என்று கண்டக்டர்கள் கேலி பண்ணுவார்கள். என் குரல் தேன், நாக்கு தேள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

நெஞ்சகத்தில் மிஷின் பேசுவது கடுமையாக இருக்கிறது என்று புகார்கள் போயிருந்தன. செத்தவர்கள் வீட்டிலிருந்து போன புகார்கள்தான். டாக்டர் தயாளன் என்ன செய்தார் தெரியுமா? மிஷினை மாற்றவில்லை. குரலை மாற்றினார். இரட்டை வாயு என்று சொன்னதை, இனிமையாக எடுத்துச் சொல்ல மனிதர்களை வேலைக்கு வைத்தார். அந்தப் பிரிவுக்குப் பெயர் ஆறுதல் பிரிவு. நான் போய்ப் பேசிக் காட்டினேன். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

எதற்காகப் போனேன் என்பதை மறைக்கவில்லை. அந்த ஆராய்ச்சியில் டாக்டருக்கும் ஓர் இரட்டை இருந்தது. மேடைக்கு மேடை அதைக் காட்டி, "என் இதயத்துக்கு முப்பத்தெட்டு வயசுதான்" என்பார். அறுபது வயதில் முப்பத்தெட்டு வயது இதயமாம்! கேட்டதுமே எனக்கு வெந்தய வாசனை அடித்தது. ஊரே பத்தியம் இருக்கும்போது ஊருக்கு முன்னால் ரத்தம் கொடுக்கிறவர் இருக்கமாட்டாரா? என்றைக்காவது அவருக்கும் வலிக்கும். அன்றைக்கு அவர் போன் இந்த அறைக்குத்தான் வரவேண்டும்.

மாதக்கணக்கில் காத்திருந்தேன். அதற்கு நடுவில் எத்தனை பேர் குரல்! திரையில், "இரட்டை நலம். வாயு. ஆறுதல் கூறவும்" என்று வரும். நான் ஆறுதல் கூறுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"அம்மா, டெஸ்டுக்கு முன்னாடி பத்தியம் இருந்தீங்களா?"

இட்லிக்கடை போட்டிருக்கும் ஓர் அம்மா ஒரு நாள், "டாக்டர்கிட்ட சொல்லிருவியா தாயி?" என்று பயந்து போய்க் கேட்டார். நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டும் டாக்டர் திட்டுவாரே என்று கவலைப்படுகிற சனம். நான் சொல்லமாட்டேன் என்றதும், "மூணு நாள் இருந்தேன்" என்றார்.

எங்கள் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரட்டை என்ன சொன்னாலும் வண்டி கிளம்பும், ஆஸ்பத்திரிக் கதவும் திறக்கும். ஆனால் மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்று கட்டுப்பாடு. தாண்டினால் வேலை போய்விடும். அழுத்திவிட்டேன். அந்த அம்மாவுக்கு இரண்டு குழாயில் அடைப்பு இருந்து, பிழைத்துக்கொண்டார். அந்த ரிப்போர்ட்டை மிஷினுக்கு அனுப்பினால், "விதிவிலக்கு" என்று ஓரமாகத் தள்ளிவிட்டது. விதிவிலக்குகள் மலையாகக் குவிந்து கிடந்தாலும், தயாளன் குரல் கேட்காமல் அது திரும்பிப் பார்க்காது.

மேற்பார்வையாளர் ஆரோக்கியசெல்வம் தங்கமான பையன், பயந்தாங்கொள்ளி. "அக்கா, மாசம் பொறந்து பத்து நாள்கூட ஆகலை. அதுக்குள்ள இத்தனை சிவப்பா? ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதுக்கு மேல போனா நானே உங்களை அனுப்ப வேண்டியிருக்கும்" என்று கெஞ்சினான்.

"அந்த ஒண்ணை ஒரு விஐபிக்கு வச்சிருக்கேன்பா" என்றேன். அவன் சிரித்தான்.

அந்த மாதம்தான் டாக்டருக்கு மணிவிழா. மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்று, மனைவிக்கு மறுபடி தாலி கட்டி, அதே மேடையில் ரத்தமும் கொடுத்தார். பெரிய திரையில் அவர் இரட்டை வந்தது. "முப்பத்தெட்டு" என்று கூட்டம் கைதட்டியது. எங்கள் அறையில் ஆரோக்கியசெல்வம் அதை டிவியில் போட்டிருந்தான். அப்புறம் பந்தி. நெய் மிதக்கிற பொங்கலையும் பாதாம் அல்வாவையும் அவர் ரசித்துச் சாப்பிட்டதைக் கேமரா கிட்டப்போய்க் காட்டியது. பல நாள் பட்டினி கிடந்தவன் சாப்பிடுகிற சாப்பாடு அது. எனக்குத் தெரியும். என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் என் மேசையில் மணி அடித்தது.

"ஹலோ, நெஞ்சகமா? நான் டாக்டர் தயாளன் வீட்டுல இருந்து, அவர் மிஸஸ் சுலோசனா பேசறேன். சாருக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது. கார் விருந்தாளிங்களை விடப் போயிருச்சு. சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

திரையைப் பார்த்தேன். இரட்டை நலம். வாயு. ஆறுதல் கூறவும்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல! நான் உத்தமி வேஷம் போடப் போவதில்லை. கும்மியடிக்க வேண்டும் போல இருந்தது. தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது சும்மாவா? கை தன் வேலையைச் செய்தது. வாய் தன் வேலையை ஆரம்பித்தது.

"வணக்கம்மா. கவலைப்படாதீங்க. சாரோட இரட்டை ரொம்ப நல்லா இருக்கு. இது வாயுவா இருக்கலாம். இஞ்சிக் கஷாயம் குடுங்க."

"வாயுவா? என்னம்மா உளர்ற? மனுஷன் துடிக்கிறார்! பத்து நாளா வெந்தயத் தண்ணியும் சுரைக்காயுமா கிடந்துட்டு, இன்னிக்கு ஒரேயடியா சாப்பிட்டார். இது வாயு இல்லம்மா!"

ஊருக்கு மூன்று நாள். ஊருக்குப் பெரியவருக்குப் பத்து நாள்.

"உங்க பேச்சுக்கு மதிப்பு பூஜ்யம்மா. சார்தான் அப்படி வச்சிருக்காங்க. சார்கிட்ட போனைக் குடுங்க."

மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "நான்... தயாளன். யாரு அது? வண்டியை அனுப்பு."

"இரட்டை வேண்டாங்குதே சார்."

"அது தப்பு. எனக்கு அட்டாக். எனக்குத் தெரியாதா? நான் டாக்டர்."

"இரட்டை பொய் சொல்லாது, மனுஷன்தான் பொய் சொல்லுவான்னு நீங்கதானே சார் சொல்லுவீங்க?"

அந்தம்மா பக்கத்தில் அலறுவது கேட்டது. அந்த அலறல் எனக்குப் பழக்கமான அலறல். அதற்காக மனம் ஒரு கணம் இளகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விடவில்லை.

"நீங்க சொன்னா மிஷின் கேக்கும் சார். வேற யார் சொன்னாலும் கேக்காது. பேரைச் சொல்லி, என்ன தப்புன்னு சொல்லுங்க. ரத்தம் எப்படிக் குடுத்தீங்கன்னு சொல்லுங்க."

"பத்தியம்... பத்தியம் இருந்து குடுத்தேன்."

"நீங்க மட்டுமா சார்?"

"எல்லாரும்தான்! ஊரே பத்தியம் இருந்துதான் குடுக்குது! போதுமா?"

"உங்களுக்கு எப்போ இருந்து தெரியும்?"

"முதல் வருஷத்துல இருந்தே தெரியும்! அந்த மூணு மாச டெஸ்ட்டு காட்டிக் குடுத்துச்சு. நான்தான் எடுத்துட்டேன். நெஞ்சகம் தலைமை ஆய்வாளர் தயாளன் சொல்றேன். இந்த ரத்தம் எல்லாம் பொய். இரட்டை எல்லாம் பொய். அவங்க சொன்னதுதான் உண்மை. அம்மா... தயவு செஞ்சு... என் பேச்சை நம்பும்மா."

என் பேச்சை நம்பு. அதே வார்த்தை. என் கண் மங்கியது, ஆனால் நான் அழவில்லை.

அப்போதுதான் போனுக்குள் சைரன் சத்தம் கேட்டது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம், கதவு திறக்கும் சத்தம், யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு ஓடிவரும் சத்தம். சுலோசனா அம்மா, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கத்தினார்.

டாக்டர் திணறிக்கொண்டே கேட்டார். "இப்பத்தானே சொன்னேன்... அதுக்குள்ள எப்படி?"

"உங்க வீட்டம்மா வேர்க்குதுன்னு சொன்னப்பவே சிவப்பை அழுத்திட்டேன் சார். வண்டி அப்பவே கிளம்பிருச்சு. நாம சும்மா பேசிட்டு இருந்தோம்."

"நீ யாரும்மா?"

"சௌந்தரபாண்டி சம்சாரம்."

போனை வைத்தேன். என் திரையில் ஒரு வரி ஓடியது. "தலைமை ஆய்வாளர் கூற்று ஏற்கப்பட்டது. மறுகணக்கு தொடங்குகிறது." சுவரில் இருந்த பெரிய வரைபடத்தில் எங்கள் மாவட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளியாக இருக்கும், ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. அதில் ஒன்று சிவப்பானது. அப்புறம் பத்து. அப்புறம் தெருத் தெருவாக மாறிக்கொண்டே போயிற்று. ஆரோக்கியசெல்வம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான்.

"அக்கா... என்னக்கா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலைப்பா. பெரியவரே சொல்லிட்டாரு."

அன்று மாலையே ஊரில் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று. பரோட்டாக் கடை வரிசையில் நின்றவர்களெல்லாம் ஸ்கேன் அறை வாசலில் நின்றார்கள். எல்லாரையும் காப்பாற்றியாயிற்று என்று கதை விடமாட்டேன். வரிசையில் நிற்கும்போதே விழுந்தவர்களும் உண்டு. கட்டில் போதவில்லை. ஆனால் யாரிடமும் கஷாயம் குடி என்று சொல்லவில்லை.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். விசாரணைக் கமிஷன் வந்தது, நெஞ்சகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். சட்டத்தையும் நிறுத்தி வைத்தார்கள். என் வேலை போயிற்று, அது வேறு விஷயம். நான் அவரைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நின்றது. உள்ளே மனிதர் பாதியாகிப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் முதலில் பார்வை போனது என் தலைப் பூவுக்குத்தான். மனிதருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"என்னைச் சாக விட்டிருக்கலாமே" என்றார். "உனக்கு அதுதானே வேணும்?"

"செத்தா உங்க சான்றிதழ்ல என்ன சார் எழுதுவாங்க? இரட்டை நலம், காரணம் தெரியவில்லைன்னு எழுதுவாங்க. ஊரே சேர்ந்து உங்களுக்குச் சிலை வைக்கும். மாலையோட போற அளவுக்கு நீங்க என்ன புண்ணியம் பண்ணீங்க? நல்லா இருங்க. நூறு வயசு இருங்க. கூண்டுல ஏறி, போன்ல சொன்னதை இன்னொரு தடவை எங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. கேக்க நிறைய பேர் இருக்கோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கொண்டுபோன பாட்டிலை மேசையில் வைத்தேன்.

"வெந்தயத் தண்ணி சார். பத்தியத்தை விட்றாதீங்க."

இது கொடுமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு என்னவோ நின்றுவிட்டது. அவர் சட்டை கொடியில் அப்படியே தொங்கியது.

மிஷின் முதலில் உயிரோடு இருப்பவர்களின் கணக்கைத்தான் போட்டது. செத்தவர்களின் கணக்கு கடைசி. சில வாரம் கழித்து, ஒரு காலையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் மினுங்கியது. இந்தத் தடவை பச்சை இதயமும் இல்லை, கண்ணடிப்பும் இல்லை.

"சௌந்தரபாண்டி. மறுகணக்கு முடிந்தது. நோயாளியின் கூற்று ஏற்கப்பட்டது. காரணம்: மாரடைப்பு. இதயம் நின்றது."

நோயாளியின் கூற்று ஏற்கப்பட்டது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தத் தாயி ஒரு வழியாக நம்பிவிட்டாள். இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குள் சுரைக்காய் தின்றுகொண்டு, ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆளும் போய்விட்டார். இனி எனக்கு அவர் நலமாக இருக்கிறார் என்று யாரும் செய்தி அனுப்பப் போவதில்லை. பொய்தான். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் பெயர் என் போனில் வந்துகொண்டிருந்தது. பழிக்குப் பழி என்று நான் வாங்கிக்கொண்டு வந்தது இதைத்தான்.

அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு மதினிக்குப் போன் போட்டேன். சண்டை போட்டுப் பிரிந்தபிறகு முதல் தடவை. எடுத்ததும், "என்னடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?" என்றார்கள்.

"மதினி" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. பேருந்து நிலையத்தையே கட்டிப் போட்ட குரல்.

"என்னடி? என்னாச்சு? பேசு!"

"உங்க தம்பி செத்துப் போயிட்டாக மதினி. வாங்க."